பிரவுசர் பாதி, சர்வர் பாதி

ஆன்லைனில் பஸ் டிக்கெட் எடுக்கும்போது கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால், பெட்டிக்குக் கீழே சட்டென்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வருகிறது. அதைக் கண்டுபிடித்தது உங்கள் போனிலேயே இருக்கும் பிரவுசர். ஆனால் 14-ஆம் இருக்கை காலியா என்பது அதற்குத் தெரியாது. எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும் சர்வரைத்தான் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் இந்த வேலைப் பங்கீடு கிடையாது. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் உருவாக்கிய முதல் வலை சர்வர், எழுதி வைத்த பக்கங்களை எடுத்துக் கொடுத்தது. 1993-இல் வந்த சிஜிஐ முறை, கேட்பவருக்கு ஏற்பப் பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்களை சர்வரில் ஓட்ட வழிசெய்தது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அந்த மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டி, பிரவுசரும் சொந்தமாக வேலை செய்யத் தொடங்கியது. முழுப் பக்கத்தையும் திரும்ப ஏற்றாமல், தேவையான தகவலை மட்டும் கேட்டு வாங்கும் உத்தி பிறகு பரவியது. 2005-இல் வெளியான கூகுள் மேப்ஸில் வரைபடத்தை இழுத்தால், புதிதாகத் தெரியவேண்டிய துண்டுகள் மட்டும் வந்து சேர்ந்தன.

நம் டிக்கெட்டிலும் அதுவே நடக்கிறது. இருக்கையைத் தேர்ந்தெடுத்து அடுத்த பட்டனை அழுத்தியதும், பஸ், தேதி, இருக்கை எண் ஆகியவை அடங்கிய சில வரிகளை பிரவுசர் அனுப்புகிறது. சர்வரில் பைத்தான், ஜாவா, பிஎச்பி போன்ற ஏதோவொரு மொழியில் எழுதிய நிரல் அதைப் படித்துத் தரவுத்தளத்தில் தேடுகிறது. அதே நொடியில் மதுரையிலிருந்து ஒருவரும் சேலத்திலிருந்து ஒருவரும் அதே இருக்கையைக் கேட்கலாம். தரவுத்தளம் அந்தப் பதிவைப் பூட்டிவைத்து, ஒருவர் கோரிக்கையை முடித்த பிறகே அடுத்ததை எடுக்கும். முந்தியவருக்கு இருக்கை கிடைக்கும். மற்றவருக்கு இடமில்லை என்ற பதில் போகும். அதற்கேற்பத் திரையில் இருக்கையின் நிறத்தை மாற்றுவது மறுபடி பிரவுசரின் பொறுப்பு.

பிரவுசரில் ஓடும் நிரல் பயனரின் கையில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கணினியில் எஃப்12 விசையை அழுத்தினால் பெரும்பாலான பிரவுசர்களில் அந்த நிரலைப் பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். 850 ரூபாய் கட்டணத்தை 8 ரூபாய் என்று மாற்றி அனுப்ப ஒருவரால் முடியும். அதனால் கட்டணத்தை சர்வர் தன் தரவுத்தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். கைபேசி எண்ணையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒரே சோதனையை இரண்டு இடத்தில் எழுதுவது வீண்வேலை அல்ல. பிரவுசர் சோதிப்பதால் பயனருக்குக் காத்திருப்பு குறைகிறது, சர்வர் சோதிப்பதால் மோசடி தடுக்கப்படுகிறது.

வலை நிரலாக்கம் கற்கத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு வரியை எழுதும்போதும், இது யாருடைய கணினியில் ஓடப்போகிறது என்று கேட்டுப் பழகுவது நல்லது.