ஒரே அலை, இரண்டு கரைகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தோனேசியாவின் பண்டா அச்சே நகரச் சிறைக்குள் கடல் புகுந்தது. கைதிகளில் பெரும்பாலோர் மாண்டார்கள். கூரைக்கு ஏறித் தப்பியவர்களில் ஒருவர் இர்வாண்டி யூசுப். கால்நடை மருத்துவம் படித்தவர். தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய சுதந்திர அச்சே இயக்கத்துக்காகப் பிரசாரம் செய்து சிறைக்குப் போனவர். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே அச்சே மாகாணத்துக்கு அவர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் நம் முதலமைச்சர் பதவி மாதிரி.

அந்தச் சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,000 உயிர்களுக்கு மேல் பறிகொடுத்தது. அச்சேயில் மாண்டவர்கள் அதைப்போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல். அதற்கு முன்பும் அந்த மண் நிம்மதியாக இல்லை. 1976இல் தொடங்கிய கிளர்ச்சி ஓயவேயில்லை. 2003 மே மாதம் ராணுவச் சட்டம் வந்தது. வெளிநாட்டவர் உள்ளே கால்வைக்க முடியாத நிலை. அலை வந்த பிறகு கதவைத் திறந்தே ஆகவேண்டியதாயிற்று. நிவாரணப் பணியாளர்களும் நிருபர்களும் வந்து குவிந்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது சண்டையைத் தொடர இரு தரப்புக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

கிளர்ச்சியாளர்கள் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். 2005 ஜனவரியில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பேச்சு தொடங்கியது. அந்நாட்டின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி நடுவராக இருந்தார். ஆகஸ்ட் 15இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தனிநாட்டுக் கோரிக்கையைக் கிளர்ச்சியாளர்கள் விட்டார்கள். 840 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து குவித்த படைகளை அரசு திரும்ப அழைத்தது. எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 சதவீதம் அச்சேக்கு என்றும், உள்ளூர்க் கட்சிகள் தேர்தலில் நிற்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது.

இதையெல்லாம் சுனாமி தந்த வரம் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தோனேசியாவின் அப்போதைய துணை அதிபர் யூசுப் கல்லா, அலைக்கு முன்பே கிளர்ச்சியாளர்களோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார். அஹ்திசாரியிடமும் அப்போதே பேச்சு போயிருந்தது. ராணுவ நெருக்கடியில் கிளர்ச்சியாளர்களும் களைத்திருந்தார்கள். பாதை ஏற்கெனவே போட்டிருந்தது. பேரிழப்பு அதில் அவர்களை வேகமாக நடக்கவைத்தது, அவ்வளவுதான். புனிதர்கள் செய்த சமாதானமும் அல்ல அது. இர்வாண்டியே 2018இல் ஊழல் வழக்கில் கைதாகி, பின்னர் தண்டனை பெற்றார். ஆனால் போர் திரும்பவில்லை.

அதே அலை இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரைக் கொன்றது. அங்கே அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002இலிருந்தே போர்நிறுத்தம் அமலில் இருந்தது. அச்சேயைவிட நல்ல தொடக்கம் என்றுகூடச் சொல்லலாம். முதல் சில நாள்கள் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பாராமல் ஒருவரையொருவர் தூக்கினார்கள், சோறு கொடுத்தார்கள். வந்து குவிந்த உதவியை யார் பிரிப்பது என்ற கேள்வி எழுந்ததும் பழைய கோடுகள் திரும்பின.

உதவியைச் சேர்ந்து பிரிப்பதற்காக அரசும் புலிகளும் 2005 ஜூனில் ‘பொதுக்கட்டமைப்பு’ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதை எதிர்த்துக் கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. முன்னதாகவே அரசிலிருந்து வெளியேறியிருந்தது. அம்பாறையில் பெருந்துயரைச் சுமந்த முஸ்லிம்கள், கையெழுத்திடும் இடத்தில் தங்களுக்கு நாற்காலி இல்லையே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தின் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில், புலிகள் திணித்த புறக்கணிப்பால் வடக்கில் பெரும்பாலோர் வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2006இல் மீண்டும் போர். 2009 மே மாதம் அது முள்ளிவாய்க்காலில் முடிந்தது.

சாதாரண மக்கள் தங்கள் பங்கை முதல் வாரத்திலேயே செய்துவிட்டார்கள். அதை அரசியலாக மாற்றத் தவறிய பழி தெற்கின் கட்சிகளுக்கும் உண்டு, புலிகளின் தலைமைக்கும் உண்டு.