கோழி விலையும் ரொசாரியோ மழையும்

கோழி விலை ஏறினால் சந்தையில் கடைக்காரரோடுதான் சண்டை. அவர் பண்ணைக்காரரைக் கைகாட்டுவார். பண்ணைக்காரர் தீவனத்தைக் கைகாட்டுவார். தீவன ஆலைக்கு மூலப்பொருள் வாங்கும் பிரிவில் வேலை செய்யும் என்னைக் கேட்டால், நான் தென் அமெரிக்காவைக் கைகாட்டுவேன்.

கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. அதில் மாவுச்சத்துக்கு மக்காச்சோளம், புரதத்துக்குச் சோயா புண்ணாக்கு. இரண்டுக்குமே மலேசியா இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. 100 கிலோ சோயாவை ஆலையில் ஆட்டினால் எண்ணெய் 20 கிலோகூடத் தேறாது. ஏறக்குறைய 80 கிலோ புண்ணாக்குத்தான். எண்ணெய் வித்து என்பதெல்லாம் பேருக்குத்தான்.

ஒரு காலத்தில் இந்த வியாபாரம் அமெரிக்காவின் கையில் இருந்தது. 1972இல் எல் நினோவால் பெருவின் நெத்திலி மீன்பிடிப்பு சரிந்தது. மீன்தூள் கிடைக்காமல் உலகமே சோயாவுக்குப் பாய, விலை எகிறியது. 1973 ஜூனில் அதிபர் நிக்சன் சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டார். தடை சில மாதங்கள்தான் நீடித்தது. ஆனால், அமெரிக்காவையே நம்பியிருந்த ஜப்பான் மிரண்டுபோய், பிரேசிலின் செராடோ சமவெளியில் சோயா விளைவிக்கப் பணம் கொட்டியது. 1980களில் புண்ணாக்கு ஏற்றுமதியில் பிரேசில் அமெரிக்காவை மிஞ்சி நின்றது.

இன்று உலகிலேயே அதிகம் சோயா விளைவிக்கும் நாடு பிரேசில். ஆனால் 1990களின் கடைசியிலிருந்து புண்ணாக்கில் முதலிடம் அர்ஜென்டினாவுக்கு. காரணம் மண்ணல்ல, வரி. 1996இல் பிரேசில் கொண்டுவந்த காந்திர் சட்டம், பதப்படுத்தாத பொருள்களின் ஏற்றுமதிக்கு மாநில வரியை நீக்கியது. சோயாவை அப்படியே கப்பலேற்றுவது லாபமானது. சொந்த ஆலைகளில் ஆட்டிக்கொள்ளும் சீனா அதை அள்ளிக்கொண்டது. அர்ஜென்டினாவோ பல ஆண்டுகள் சோயாவுக்கு 35 விழுக்காடும், புண்ணாக்குக்கும் எண்ணெய்க்கும் 32 விழுக்காடும் ஏற்றுமதி வரி விதித்தது. இந்த 3 விழுக்காட்டு இடைவெளியும் சேர்ந்துதான், ரொசாரியோ நகரைச் சுற்றிப் பரானா ஆற்றங்கரையில் ராட்சத ஆலைகளை எழுப்பியது. கடல் கப்பல்கள் ஆலை வாசலுக்கே வந்து சரக்கு ஏற்றுகின்றன.

ஆலைக்குக் கெட்டிக்காரத்தனம்தான், விவசாயிக்கு வலி. 2008இல் வரியை மேலும் உயர்த்த முயன்றபோது விவசாயிகள் சாலைகளை மறித்தார்கள். செனட்டில் வாக்குகள் சமமாக நிற்க, துணை அதிபர் கோபோஸ் தம் அரசுக்கு எதிராகவே வாக்களித்து அதைத் தோற்கடித்தார்.

எல்லாம் ஒரே ஆற்றங்கரையில் இருப்பதன் ஆபத்தை 2023 காட்டியது. தொடர்ந்து மூன்று ஆண்டு லா நினா. விளைச்சல் பாதியளவுக்குச் சுருங்கி 25 மில்லியன் டன்னில் நின்றது. ஆலைகளை ஓட்ட, பிரேசிலிலிருந்தும் பராகுவேயிலிருந்தும் சோயாவை வாங்கினார்கள். அப்படியும் அந்தப் பருவத்தில் புண்ணாக்கு ஏற்றுமதியில் பிரேசிலே முந்தியது. பிரேசில் புண்ணாக்கில் புரதம் பொதுவாகச் சற்றுக் கூடுதல். நாடு மாறினால் விலையை மட்டும் பார்த்தால் போதாது, தீவனக் கலவைக் கணக்கையும் திருத்த வேண்டும்.

இந்தியாவை மறந்துவிடக்கூடாது. 2000களில் தென்கிழக்காசியாவுக்கு இந்தோர் பக்கத்துப் புண்ணாக்கு நிறைய வந்தது. தூரம் குறைவு, சிறிய அளவிலும் வாங்கலாம். பிறகு இந்தியர்களே அதிகம் கோழி சாப்பிடத் தொடங்க, நாமக்கல் முதல் எல்லாப் பண்ணைகளின் தேவையும் கூடியது. 2021 ஆகஸ்டில், விற்றுக்கொண்டிருந்த நாடே 1.2 மில்லியன் டன் மரபணு மாற்றப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தது. ஏற்றுமதியாளர் பட்டியல் நிரந்தரம் என்று நினைக்கும் இளம் அதிகாரிகளிடம் நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

2022 ஜூன் 1இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. தன் கோழியில் மூன்றில் ஒரு பங்கை இங்கிருந்து வாங்கிய சிங்கப்பூர் தவித்தது. தீவன விலையைத் தாங்க முடியாத பண்ணைகள் குஞ்சுகளைக் குறைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது அமெரிக்கா மறுபடி தலைதூக்குகிறது. அங்கே லாரிகளுக்கான தாவர டீசல் தயாரிக்கச் சோயா எண்ணெய் வேண்டும். அதற்காகப் புதிய ஆலைகள் எழுகின்றன. எண்ணெய் அங்கேயே எரிகிறது, மிஞ்சும் புண்ணாக்கை விற்றாக வேண்டும். அந்த விலைப்பட்டியலையும் இப்போது நான் ரொசாரியோ விலைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.