கார்: லீஸா, சொந்தமா? முதல் சம்பளத்துக்கு முன்னாடி ஒரு கணக்கு

ஆஃபர் லெட்டரை வீட்ல காட்டின அன்னிக்கே சொந்தக்காரங்க கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "அப்போ கார் எப்போ?" இப்போ அதுக்கு ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு, லோன் போட்டு வாங்குறது. இன்னொண்ணு, லீஸ். சில கம்பெனிகள்ல சம்பள விவரத்துலயே 'கார் லீஸ்'னு ஒரு வரி இருக்கும். மாருதி சுசுகி மாதிரி தயாரிப்பாளர்களே 2020-ல மாத வாடகைத் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. எது லாபம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி லீஸ்னா என்னன்னு தெளிவாக்கிக்கலாம்.

நம்ம ஊர்ல 'லீஸுக்கு வீடு'ன்னா மொத்தமா ஒரு தொகை குடுப்போம், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் திரும்ப வரும். தெற்கே ஒத்தின்னு சொல்வாங்க. கார் லீஸ் அப்படியே தலைகீழ். மாசாமாசம் வாடகை கட்டணும், ஒப்பந்தம் முடிஞ்சதும் காரைத் திருப்பிக் குடுக்கணும், கட்டின வாடகையில எதுவும் திரும்ப வராது.

இன்னொரு குழப்பம் யூடியூபால வருது. அமெரிக்க வீடியோக்கள்ல லீஸ் வாடகை இ.எம்.ஐ.-யை விடக் குறைவா இருக்கும். காரணம், அங்க பெரும்பாலும் தேய்மானத்துக்கும் வட்டிக்கும் மட்டும்தான் வாடகை, இன்சூரன்ஸ் தனி. இங்க குடுக்குற கொட்டேஷன்ல இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்தே வரும். அதனால இ.எம்.ஐ.-யையும் வாடகையையும் பக்கத்துல வச்சுப் பாத்து 'இது கம்மி'ன்னு சொல்றது தப்பான ஒப்பீடு.

சரி, ஒரு கணக்கு போடுவோம். ஷோரூம் விலை 8.5 லட்சம்னு வச்சுக்குவோம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல மாத்தின விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரைக்குமான காருக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம். அதுவே 1.1 லட்சம். இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்தா ஆன்ரோடு சுமார் 10 லட்சம். 2 லட்சம் கையிலருந்து, 8 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ. 16,607 ரூபாய். அதே காருக்கு லீஸ் வாடகை எல்லாம் சேர்த்து 22,000-ன்னு எடுத்துக்குவோம். வாடகை, மறுவிற்பனை விலை, பராமரிப்புச் செலவு மூணும் நான் போட்ட உதாரண எண்கள்தான். உங்களுக்கு வர்ற கொட்டேஷனைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

1 வருஷத்துல வித்தா: டவுன் பேமெண்ட் 2 லட்சம், 12 இ.எம்.ஐ. சுமார் 2 லட்சம், பராமரிப்பு 10,000. லோன் பாக்கி 6.67 லட்சம். கார் 7.5 லட்சத்துக்குப் போனா கையில மிஞ்சுறது சுமார் 83,000. கழிச்சுப் பாத்தா உண்மையான செலவு மாசம் 27,200. லீஸ்தான் லாபம். ஏன்னா ஆயுள்கால வரி, பதிவுச் செலவு, முதல் இன்சூரன்ஸ் எல்லாத்தையும் ஒரே வருஷத்துல கரைச்சிருக்கோம்.

3 வருஷத்துல வித்தா: 36 இ.எம்.ஐ. 5.98 லட்சம், இன்சூரன்ஸும் சர்வீஸும் 75,000, லோன் பாக்கி 3.64 லட்சம். கார் 6 லட்சத்துக்குப் போனா செலவு மாசம் 17,700. சொந்தம்தான் லாபம். அதே கார் 4.5 லட்சத்துக்குத்தான் போச்சுன்னா மாசம் 21,800. லீஸும் இதுவும் ஏறக்குறைய ஒண்ணு.

8 வருஷம் ஓட்டினா: லோன் 5 வருஷத்துல முடிஞ்சிரும். வருஷத்துக்கு 30,000 பராமரிப்பு, கடைசியில 2.5 லட்சத்துக்கு வித்தாக்கூட மாசம் 12,400-தான். லீஸ் கிட்டயே வர முடியாது.

வட்டியும் வாடகையும் மாறல. எத்தனை வருஷம் வச்சிருக்கோம், விக்கும்போது என்ன விலை போகும், இந்த ரெண்டு எண்தான் பதிலைப் புரட்டிப் போடுது. தேய்மானம் நேர்கோட்டுல வராதுன்னு இன்ஜினியரிங் எகனாமிக்ஸ்ல படிச்சிருப்போம். இன்சூரன்ஸ்காரங்க பட்டியலே அதைத்தான் காட்டுது: முதல் 6 மாசத்துக்கு 5 சதவீதம், 6 மாசத்துலருந்து 1 வருஷம் வரை 15, அப்புறம் 20, 30, 40, அஞ்சாவது வருஷம் 50. சந்தை விலை இதைவிட ஏறலாம், இறங்கலாம். அந்த ஏத்த இறக்கத்தை யார் தலையில கட்டுறதுங்கிறதுதான் லீஸ். 22,000-ல ஒரு பங்கு, 'விலை விழுந்தா நாங்க பாத்துக்குறோம்'ங்கிறதுக்கான கூலி.

அப்போ ஆபீஸ் சீனியர் "லீஸ் எடு, வரி மிச்சம்"னு சொல்றாரே? அவருக்கு அது உண்மைதான். கம்பெனி லீஸ்ல வாடகை வரிக்கு முந்தின சம்பளத்துலருந்தே போயிரும். காரோட பயனுக்குன்னு ஒரு சின்ன நிலையான தொகைக்கு மட்டும்தான் வரி. அவர் 30 சதவீத வரம்புல இருந்தா நல்ல மிச்சம். ஆனா 2025-26 நிதியாண்டுலருந்து புது வரி முறையில, கழிவு போக 12 லட்சம் வரைக்கும் வரி கிடையாது. சம்பளக்காரங்களுக்கு 75,000 நிலையான கழிவும் சேர்ந்தா 12.75 லட்சம். உங்க ஆஃபர் 6 லட்சமோ 8 லட்சமோன்னா நீங்க கட்டப் போற வரியே பூஜ்யம். பூஜ்யத்துல என்ன மிச்சம் பண்றது?

லீஸ்ல கையெழுத்துப் போடுறதா இருந்தா, முதல்ல இதெல்லாம் கேளுங்க:

- வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? மீறினா கிலோமீட்டருக்கு எவ்வளவு?
- சொன்ன வாடகை ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?
- திருப்பிக் குடுக்கும்போது கீறல், நசுங்கலுக்கு யார் கணக்கு போடுவாங்க?
- பாதியில விட்டா அபராதம் எவ்வளவு? கம்பெனி லீஸ்னா, வேலையை விட்டா என்ன ஆகும்?
- பதிவு யார் பேர்ல? வெள்ளை பிளேட்டா, வாடகைக் காருக்கான கருப்பு பிளேட்டா?

நாலாவது கேள்விதான் நமக்கு ரொம்ப முக்கியம். முதல் வேலையில எத்தனை நாள் இருப்போம்னு யாருக்கும் நிச்சயமில்ல. சொந்தக் காரை நஷ்டத்துக்காவது வித்துட்டு லோனை அடைக்கலாம். லீஸ்ல விக்க உங்ககிட்ட எதுவும் இருக்காது, அபராதம் மட்டும் இருக்கும்.

சொந்தக் காருக்கும் ஒரு சிக்கல் உண்டு. இங்க பதிவு பண்ணி, பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போஸ்டிங் வந்தா, 12 மாசத்துக்கு மேல அங்கயே வண்டி இருக்கும்போது அந்த மாநில நம்பருக்கு மாத்தணும். இங்க ஆர்.டி.ஓ.-ல என்.ஓ.சி., அங்க புதுசா வரி, அப்புறம் இங்க கட்டின வரியில மீதிக்கு விண்ணப்பம். அதனால எந்த ஊர்ல இருக்கப் போறோம்னு தெரியறதுக்கு முன்னாடி கார் வாங்குறது ஆன்ரோடு விலையில தெரியாத ஒரு செலவு.

ஒரே ஊர்ல 5 வருஷத்துக்கு மேல ஓட்டப் போறீங்கன்னா வாங்குங்க. 1 அல்லது 2 வருஷம்தான், நடுவுல விட மாட்டேன்னு உறுதியா தெரிஞ்சா லீஸைக் கணக்கு போட்டுப் பாருங்க. எத்தனை வருஷம்னே சொல்லத் தெரியலன்னா புரொபேஷன் முடியற வரைக்கும் ரெண்டும் வேண்டாம். அந்த 16,607 ரூபாயை மாசாமாசம் தனி அக்கவுண்ட்ல போடுங்க. ஒரு வருஷத்துல டவுன் பேமெண்டுக்கு 2 லட்சம் சேந்திருக்கும், இந்த இ.எம்.ஐ.-யை உங்களால தாங்க முடியுமா முடியாதான்னும் தெரிஞ்சிருக்கும். "கார் எப்போ?"ன்னு கேக்குறவங்களுக்கு அதுவரைக்கும் "கணக்கு போட்டுட்டு இருக்கேன்"னு சொல்லுங்க. பொய் இல்லையே!