எம்1: இரைச்சலைக் குறைத்து ஜெயித்த இன்ஜின்

இன்னைக்கு நாம பேசப்போறது யமஹா எம்1. கடையில கிடைக்காது. மோட்டோஜிபி ரேஸுக்குன்னே ஃபேக்டரியில கட்டுற புரோட்டோடைப் பைக் இது.

2002-ல மோட்டோஜிபி 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் காலத்துக்குள்ள வந்தது. அந்த வருஷம் எம்1-ல மேக்ஸ் பியாஜி ரெண்டு ரேஸ் ஜெயித்தார். 2003-ல ஒரு வெற்றிகூட இல்லை. எதிர்ல ஹோண்டா, அதுமேல வாலென்டினோ ரோஸி. இந்த நிலைமையை மாத்தற பொறுப்பு மசாவோ ஃபுருசாவாங்கிற இன்ஜினியர்கிட்ட வந்தது. அவர் கைவெச்ச முக்கியமான இடம், கிராங்க்ஷாஃப்ட்.

வழக்கமான இன்லைன்-ஃபோர் இன்ஜின்ல ரெண்டு பிஸ்டன் மேல இருந்தா, மத்த ரெண்டும் கீழ இருக்கும். மேலயும் கீழயும் பிஸ்டன் ஒரு கணம் நின்னுதான் திரும்பும். அதாவது நாலும் ஒண்ணா நிக்கும், ஒண்ணா வேகமெடுக்கும். வேகம் குறையும்போது கிராங்கைத் தள்ளும்; வேகமெடுக்கும்போது கிராங்கை இழுத்துப் பிடிக்கும். ஆர்பிஎம் ரெண்டு மடங்கானா, இந்த இழுபறி நாலு மடங்காகும்.

பெட்ரோல் எரிஞ்சு வர்ற டார்க்கோட இதுவும் கலந்துதான் பின் டயருக்குப் போகுது. வளைவுல சாய்ஞ்சபடி த்ராட்டிலைத் திறக்கிற ரைடருக்கு, டயர் பிடிக்குதா வழுக்குதான்னு தெரியணும். நம்ம மொழியில சொன்னா, எரிதல் தர்ற டார்க்தான் சிக்னல். பிஸ்டன்களோட இழுபறி வெறும் நாய்ஸ். ஆயிரம் வெட்டி வரிக்கு நடுவுல ஒரு எரரைத் தேடுற மாதிரி.

தீர்வு, கிராஸ்பிளேன் கிராங்க். நாலு கிராங்க் பின்களையும் 90 டிகிரி இடைவெளியில வெச்சாங்க. ரெண்டு பிஸ்டன் நிக்கும்போது, மத்த ரெண்டும் ஏறக்குறைய முழு வேகத்துல ஓடும். ஒண்ணு விடுறதை இன்னொண்ணு வாங்கிக்கும். நாய்ஸ் பெருமளவு அடங்கிடும். இதுக்கு விலையும் உண்டு: சீரா 180 டிகிரிக்கு ஒருமுறை நடந்த எரிதல், 270-180-90-180-ன்னு தாறுமாறாச்சு. அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்டும் வேணும்.

2004 ஜனவரி, செபாங் டெஸ்ட். ஹோண்டாவை விட்டு வந்திருந்த ரோஸி, வேற வேற இன்ஜின்களை ஓட்டிப் பார்த்து இதையே தேர்ந்தெடுத்தார். ஏப்ரல் 18, தென்னாப்பிரிக்காவின் வெல்காம்: எம்1-ல அவரோட முதல் ரேஸ். அப்போ ஹோண்டாவுல இருந்த பியாஜியை முந்தி ஜெயித்தார். அந்த சீசன்ல 9 வெற்றி, கூடவே உலகப் பட்டம்.

'அது ரோஸியோட திறமைப்பா'ன்னு நீங்க கேட்கலாம். உண்மைதான். ஆனா டயர் சொல்றது கைக்குத் தெளிவா வந்து சேர்ந்தாத்தானே அந்தத் திறமைக்கு வேலை?

2009-ல இதே கிராங்க் அமைப்பு ஆர்1 மூலமா ரோட்டுக்கும் வந்தது. அடுத்த தடவை அப்படி ஒரு ஆர்1 பக்கத்துல போனா, சத்தத்தைக் கவனிங்க. சீரா இருக்காது. வேணும்னே அப்படிப் பண்ணதுதான்.