எல்லைப்புற ஊர்களில் வானியற்பியல் பேச்சு: ஒரு சொல்லாட்சி நோக்கு

1. முன்னுரை

அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டு செல்லும் பணியில் நூலுக்கும் இதழுக்கும் உள்ள இடத்தைப் பலரும் ஆராய்ந்துள்ளனர். வாசகசாலைத் திண்ணையிலும் பள்ளி முற்றத்திலும் முன்தயாரிப்பு மிகுதியின்றி நிகழும் பேச்சுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. எழுத்தில் ஒரு கலைச்சொல்லைப் பயன்படுத்துவோர் அடைப்புக்குறியையோ அடிக்குறிப்பையோ துணையாகக் கொள்ளலாம். பேச்சில் அவ்வசதி இல்லை. சொல் செவியில் விழுந்தவுடன் கேட்போர் தமக்குப் பழகிய பொருளை அதற்கு ஏற்றிக்கொள்கின்றனர். வானியற்பியல் பேச்சில் இந்நிலை எவ்வாறு செயற்படுகிறது என்பதைத் தமிழ், மலையாள எல்லைப் பகுதியை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இருமொழிச் சூழல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கோயம்புத்தூரை ஒட்டி அமைந்த எல்லையூர் வேலந்தாவளம். 'தாவளம்' என்பது தங்குமிடத்தைக் குறிக்கும் சொல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மக்களும் பண்டங்களும் நெடுங்காலம் போய்வந்த ஒரு நிலப்பகுதிக்குப் பொருத்தமான ஊர்ப்பெயர் இது எனலாம். சித்தூர் வட்டத்திலும், தெற்கே இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன.

இப்பகுதியை இரண்டு அறிவியல் இயக்கங்களின் எல்லை எனவும் கூறலாம். மேற்கே 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், கிழக்கே 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ஊர்தோறும் அறிவியற் பேச்சை வளர்த்தவை. முன்னது மலையாளத்திலும் பின்னது தமிழிலும் சொல்லாக்கம் செய்தன. எனவே இங்குள்ள தமிழர் ஒரே கருத்துக்கு இரு சொற்களைக் கேட்கின்றனர். தமிழில் 'ஒளியாண்டு', மலையாளத்தில் 'பிரகாசவர்ஷம்'. தமிழில் 'ஈர்ப்பு', மலையாளத்தில் 'குருத்வாகர்ஷணம்'. தமிழில் 'கருந்துளை', மலையாளத்தில் 'தமோகர்த்தம்'. இதனுடன் தமிழுக்கே உரிய இரட்டை வழக்கும் சேர்கிறது. வீட்டில் 'வெளிச்சம்', பாடநூலில் 'ஒளி'. வீட்டில் 'வருஷம்', பாடநூலில் 'ஆண்டு'. பேச்சாளர் எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் அவையில் ஒரு சாராருக்கு அது அயலானதாகவே இருக்கும்.

3. நாழிகைவழியும் ஒளியாண்டும்

'ஒளியாண்டு' என்னும் கூட்டுச்சொல்லின் தலைச்சொல் 'ஆண்டு'. தமிழ்க் கூட்டுச்சொற்களில் பின்னுறுப்பே பொருளின் வகையைத் தீர்மானிக்கிறது. நிதியாண்டும் கல்வியாண்டும் காலத்தையே குறிக்கின்றன. ஆதலின் ஒளியாண்டையும் கால அளவாகக் கொள்வது கேட்போரின் அறியாமையால் விளைவதன்று, மொழியறிவால் விளைவது. மலையாளச் சொல்லும் இதே அமைப்புடையதாகலின் அதனாலும் பயனில்லை.

ஆனால் காலப்பெயரால் தொலைவை அளக்கும் வழக்கம் இவ்விரு மொழிகளுக்கும் புதிதன்று. நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகையில் ஒருவர் நடக்கும் தொலைவைத் தமிழர் 'நாழிகைவழி' என்றனர். அது ஏறத்தாழ ஒன்றரை மைல். மலையாளத்திலும் 'நாழிக' தொலைவைக் குறித்து வழங்கியுள்ளது. நடப்பவருக்குப் பதிலாக ஒளியையும், நாழிகைக்குப் பதிலாக ஆண்டையும் வைத்தால் ஒளியாண்டு கிடைக்கிறது. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஓராண்டில் அது கடக்கும் தொலைவு ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். முதியோர் நினைவில் எஞ்சியுள்ள ஒரு பழஞ்சொல், வரையறையைவிட எளிதாக இக்கருத்தைத் தாங்கிச் செல்லும்.

4. நட்சத்திரம், கோள், கிரகணம்

'விண்மீன்' என்னும் சொல் தெளிவானது, சோதிடச் சாயலற்றது. ஆயினும் எல்லைப்புறத் தமிழர் செவிக்கு, மலையாளத்துக்கும் பொதுவான 'நட்சத்திரம்' என்பதே அண்மையது. அச்சொல்லோ 'உங்கள் நட்சத்திரம் என்ன?' என்னும் வினாவில் பிறந்த நாளின் மீனைக் குறிப்பது. இப்பொருளைத் தவிர்க்க முயல்வதைவிட அதனையே வாயிலாகக் கொள்வது நன்று. திருவாதிரை இதற்கு ஏற்ற சான்று. மார்கழித் திருவாதிரையைத் தமிழரும் தனுமாதத் திருவாதிரையை மலையாளிகளும் கொண்டாடுகின்றனர், பெயரும் ஒன்றே. அச்செம்மீன் சூரியனைவிடப் பன்மடங்கு பெரிய செம்பெருமீன். 500 முதல் 700 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதாகக் கணிக்கப்படுகிறது. இன்றிரவு நம் கண்ணை எட்டும் அதன் ஒளி, மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்படுமுன்பே புறப்பட்டது. 2019இன் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் அம்மீன் வெறுங்கண்ணுக்கே புலப்படுமாறு மங்கியது. அது உமிழ்ந்த தூசு ஒளியை மறைத்ததே காரணம் எனப் பின்னர் ஆய்வாளர் விளக்கினர். விழாவுக்குரிய மீன் இவ்வாறு ஆய்வுக்குரிய பொருளாகவும் ஆகின்றது.

'கோள்' என்பது 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. 'பற்றுதல்' அதன் பொருள். வடமொழியின் 'கிரகம்', 'கிரகணம்' ஆகியனவும் பற்றுதலைக் குறிக்கும் வேரினின்றே வந்தவை. 'கிரகணம் பிடித்தது' என்னும் வழக்கில் இப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. பிடிப்பவர் ஒருவர் உண்டெனில் அச்சமும் உண்டு. 2019 டிசம்பர் 26 காலை கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வழியாகக் கங்கண சூரிய கிரகணம் கடந்து சென்றபோது, 'நிலவு மறைத்தது' என்னும் தொடரே அறிவியலுக்கு உகந்ததாக இருந்தது. இங்கு மாற வேண்டியது பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல். 'கிரகணம்' நிற்கட்டும், 'பிடித்தது' என்பதற்கு மாற்றாக 'மறைத்தது' வழங்கினால் போதும்.

5. நியூட்ரினோ: ஒரு பெயரின் விலை

மேற்கண்ட குழப்பங்களால் பெருந்தீங்கு எதுவும் நேர்வதில்லை. ஆனால் தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில், இடுக்கி எல்லையை ஒட்டிய மலையில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வு மையத்தின் வரலாறு வேறுபட்டது. மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் அளவிலான காந்தமேற்றிய இரும்புக் கருவியை நிறுவுவது திட்டம். நடுவண் அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. விளக்கக் கூட்டங்களும் எதிர்ப்புக் கூட்டங்களும் நிகழ்ந்தன.

'நியூட்ரினோ' என்னும் பெயர் 'நியூட்ரான்' என்பதுடன் ஒலியால் நெருங்கியது. இந்நெருக்கம் பிறப்பிலேயே அமைந்தது. 1930இல் இத்துகளை முன்மொழிந்த பவுலி அதனை 'நியூட்ரான்' என்றே அழைத்தார். 1932இல் சாட்விக் கண்டறிந்த வேறொரு துகள் அப்பெயரைப் பெறவே, முன்னதற்குச் சிறுமையைக் குறிக்கும் இத்தாலிய விகுதி சேர்ந்தது. தமிழ்ச் செவிக்கு 'இனோ' என்பது பொருளற்ற ஒலி. எஞ்சி நிற்பது அணுகுண்டை நினைவூட்டும் 'நியூட்ரான்'. மேலும், மூல ஆங்கிலப் பெயரில் உள்ளது 'நோக்குக்கூடம்' என்னும் கருத்து. வருவதைப் பார்த்திருக்கும் இடம். பரவலாக வழங்கிய 'ஆய்வு மையம்' எதையோ உருவாக்கும் இடம் என்னும் எண்ணத்துக்கும் இடந்தந்தது.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற அளவில் கடந்து செல்கின்றன. கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965லேயே வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. இவை சொல்லப்பட்டிருந்தால் துகளைப் பற்றிய அச்சம் தணிந்திருக்கலாம். எனினும் மக்களின் வினா துகளோடு நின்றதன்று. பாறை வெடிப்பு, நீர், காடு ஆகியவை பற்றிய வினாக்கள் தனித்தன்மையுடையவை. கலைச்சொல் விளக்கம் அவற்றுக்கு விடையாகாது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் அளித்தபோது, மதிகெட்டான், பெரியாறு பகுதிகளை இணைக்கும் புலிகளின் வழித்தடத்தையே சுட்டியது. 'துகள் தீங்கானதா?' என்னும் இயற்பியல் வினாவும் 'மலையைக் குடையலாமா?' என்னும் பொதுவாழ்வு வினாவும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டமையால், முன்னதற்கு விடை கூறியவர் பின்னதை மறைப்பவராகவும், பின்னதை எழுப்பியவர் முன்னதை அறியாதவராகவும் தோன்றினர். இரு சாராருக்கும் இது இழப்பே.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கலைச்சொல்லைக் கூறுமுன் கேட்போரிடம் அச்சொல் ஏற்கெனவே பெற்றுள்ள பொருளை அறிந்துகொள்ளல் வேண்டும். இரண்டாவது, இருமொழி ஊர்களில் இரு மொழிச் சொற்களையும் ஒருசேரக் கூறி, பொதுவான பழஞ்சொல் இருப்பின் அதனை முதலில் நிறுத்தல் வேண்டும். மூன்றாவது, தமிழ்வழிப் பள்ளிகளுக்கான பாடநூல் ஆக்குவோர் எல்லைக்கு இருபுறமும் வழங்கும் வானியற் சொற்களை ஒப்பிட்டு ஒரு கைப்பட்டியல் அமைத்தல் பயன்தரும். நான்காவது, அறிவியற் பேச்சாளர் தம் துறை விடையளிக்கக்கூடிய வினாவையும் மக்களே முடிவு செய்யவேண்டிய வினாவையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். சொல் தெளிவுறும்போது கருத்துவேறுபாடு மறைந்துவிடும் என்பதற்கில்லை. எதில் வேறுபடுகிறோம் என்பது இரு தரப்பினருக்கும் விளங்கும். திண்ணைப் பேச்சிலிருந்து அந்த அளவு பயனை எதிர்பார்ப்பது தகும்.