போவதும் கிழக்கு, வருவதும் கிழக்கு

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருந்து ஜப்பானின் டோக்கியோவுக்குக் குறுக்கு வழியில் சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 தொடக்கம் வரை விமானம் இதை 9 முதல் 10 மணி நேரத்தில் கடந்தது. இப்போது ஏறத்தாழ 13 மணி நேரம். விமானத்தின் வேகம் குறையவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடிவிட்டது, அவ்வளவுதான்.

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தைப் பார்த்தால் இந்தப் பாதை கஜகஸ்தான், சீனா வழியாகப் போக வேண்டும் என்றே தோன்றும். பூகோள உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே வளைந்து சைபீரியாவின் மேல் படியும். உண்மையான குறுக்கு வழி அதுதான். பின்லாந்தின் ‘பின்ஏர்’ நிறுவனம் தன் ஆசிய வியாபாரத்தையே இந்த நூலின் மேல்தான் கட்டியிருந்தது. ஒரே விமானம் ஜப்பான் போய்த் திரும்பி, 24 மணி நேரத்துக்குள் அடுத்த பயணத்துக்குத் தயாராகிவிடும். பயண நேரம் 13 மணியானதும் அந்தக் கணக்கு உடைந்தது.

இந்தச் சுற்று ஒன்றும் புதிதல்ல. சோவியத் காலத்திலும் சைபீரியா மேற்கத்திய விமானங்களுக்கு எளிதில் திறக்காத கதவுதான். 1957-இல் ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் கோபன்ஹேகனில் இருந்து வட துருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கியது. பிறகு பல நிறுவனங்கள் அதே வழியைப் பிடித்தன. விமானத்துக்கு எரிபொருள் ஏறும் இடைவேளையில் ஆங்கரேஜ் விமான நிலையத்தில் சுடச்சுட ‘உடோன்’ நூடுல்ஸ் சாப்பிட்டதை அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் இன்றும் சொல்வதுண்டு. 1983-இல் பின்ஏரின் டி.சி.-10 விமானம் எங்கும் இறங்காமல் துருவத்தைச் சுற்றி டோக்கியோ போனது. அதற்கும் ஏறக்குறைய 13 மணி நேரம்தான்! நாற்பது ஆண்டுத் தொழில்நுட்ப வளர்ச்சியை ஒரு பூட்டிய எல்லை தின்றுவிட்டது.

இன்று விமானிகளுக்கு இரண்டு வழிகள். ஒன்று, தெற்கே இறங்கி கருங்கடல், ஜார்ஜியா, கஜகஸ்தான், சீனா வழியாக. மற்றொன்று, வட துருவம், அலாஸ்கா வழியாக. எது என்பதைப் பெரும்பாலும் காற்றே முடிவு செய்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதை எதிர்த்துப் பறப்பதைவிட அதோடு சேர்ந்து போவதே லாபம். அதனால் ஜப்பானுக்குத் தெற்கு வழியில் கிழக்கே போகும் விமானம், திரும்பும்போதும் பசிபிக்கின் மேல் கிழக்கே கிளம்பித் துருவத்தைக் கடந்து ஊர் சேர்வதுண்டு. டிக்கெட்டில் அச்சிடாத உலகச் சுற்றுலா! துருவத்தைக் கடந்தவர்களுக்குப் பின்ஏர் சான்றிதழும் கொடுத்தது.

விமானிகளுக்கோ அங்கே வேலை அதிகம். விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். தொட்டியின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். காந்த ஊசியை அந்தப் பக்கம் நம்ப முடியாது. அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்களும் அரிது.

ரஷ்யா எல்லாரையும் தடுக்கவில்லை என்பதுதான் பின்ஏருக்குப் பெரிய தலைவலி. சீன நிறுவனங்கள் இன்றும் சைபீரியா மேல் பறக்கின்றன. ஷாங்காய்–ஹெல்சிங்கி தடத்தில் சீனாவின் ஜுன்யாவ் விமானத்தில் ஏறுபவர், பின்ஏரில் ஏறுபவரைவிடச் சில மணி நேரம் குறைவாகவே பறக்கிறார்.