நாலு மொழி கேட்டு வளரும் மழலை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் நீலாத்ரி சாலைப் பக்கம் பல குடியிருப்புகளில் ஒரு கைக்குழந்தை காலையிலிருந்து இரவுக்குள் நாலு மொழி கேட்டுவிடும். பெற்றோர் தமிழ், பார்த்துக்கொள்ளும் அக்கா கன்னடம், எதிர் வீடு தெலுங்கு, லிஃப்டில் இந்தி. ஒன்றரை வயதாகியும் பிள்ளை வாய் திறக்காவிட்டால் சொந்தபந்தம் உடனே சொல்லும்: “வீட்டுல ஒரே பாஷை பேசுங்க, குழம்பிடுது பாருங்க.”

குழம்புவதில்லை. பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதை ஆய்வுகள் ஏற்கவில்லை.

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த கனடாக் குழந்தைகளுக்கு, நம் ‘த’, ‘ட’ போன்ற இந்தி ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் திணறினார்கள். முதல் பிறந்தநாள் நெருங்கும்போது குழந்தைகளுக்கும் அந்தத் திறன் மங்கிவிட்டது. காதில் விழாத மொழியின் ஒலிகள் அவ்வளவு சீக்கிரம் நழுவுகின்றன. அந்த வயதில் நாலு மொழி விழுவது நல்லதுதான்.

ஆனால் குழந்தை அவற்றை யார் பேசிக் கேட்கிறது? அமெரிக்காவில் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகளுடன் சீன மொழிக்காரர்கள் நேரில் விளையாடிப் பேசினார்கள். பன்னிரண்டே அமர்வுகளில் அம்மொழியின் ஒலி வேறுபாடு குழந்தைகளுக்குப் பிடிபட்டது. அதே பேச்சைத் திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. சோறு ஊட்டக் கைபேசியில் ஓடவிடும் பாட்டு, அருகில் அமர்ந்து பேசும் ஆளுக்கு ஈடாகாது. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். ஊரிலுள்ள தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு.

மொழிக் கலவையைக் குறைசொல்லிக்கொண்டே காத்திருப்பதில்தான் ஆபத்து. பேச்சுத் தாமதத்துக்குப் பின்னால் காது கேளாமை மறைந்திருக்கலாம். ஒரு வயதில் மழலை ஒலிகளே இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு வயதில் இரு சொல் சேரவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது – இவற்றில் எது இருந்தாலும் முதலில் செவித்திறன் சோதனை. “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்ற ஆறுதல் மாதங்களை விழுங்கிவிடும். எலெக்ட்ரானிக் சிட்டி வழியே போகும் ஓசூர் சாலையில் நகரத்துப் பக்கம் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பேச்சு, செவித்திறன் துறை உண்டு. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

போகும்போது குழந்தை சொல்லும் எல்லாச் சொற்களையும் எழுதிக்கொண்டு போகலாம். அம்மாவிடம் ‘பூனை’, அக்காவிடம் கன்னடத்தில் ‘பெக்கு’ என்றால் இரண்டும் கணக்கில் சேரும். தமிழை மட்டும் எண்ணினால், சரியாக வளரும் பிள்ளையும் பின்தங்கியதாகத் தெரியும்.